3,04,372 டாலர் 43 சென்ட்: மார்க்கோஸ் சொத்து வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

2003 ஜூலை 15 அன்று பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் ஒரு கணக்குப் போட்டது. ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் அதிபராக வாங்கிய சம்பளம் 1966 முதல் 1976 வரை வருடத்துக்கு 60,000 பேசோ, 1984 வரை 1 லட்சம், 1985இல் 1,10,000. மனைவி இமெல்டா அமைச்சர் பதவியில் வாங்கியது வருடத்துக்கு 75,000. எல்லாவற்றையும் அந்தந்தக் காலத்து மாற்று விகிதப்படி டாலராக்கினால் மொத்தம் 3,04,372 டாலர் 43 சென்ட். இருபது வருடமும் சோறு தண்ணி இல்லாமல் சேர்த்து வைத்திருந்தாலும் இவ்வளவுதான். ஆனால் ஸ்விஸ் வங்கிகளிலிருந்து மீட்கப்பட்ட அவர்கள் பணம், வட்டியோடு சேர்த்து 2002 ஜனவரி நிலவரப்படி, 65 கோடியே 81 லட்சத்து 75 ஆயிரத்துச் சொச்சம் டாலர்.

முதல் எண்ணிலிருந்து இரண்டாவது எண்ணுக்கு எப்படிப் போனார்கள், அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க ஏன் இத்தனை வருடம் ஆனது என்பதுதான் இந்த ஆய்வு. மார்க்கோஸ் என்றாலே உலகம் இமெல்டாவின் செருப்பு அலமாரியைத்தான் பேசும். படமெடுக்கத் தோதான விஷயம், சரி. ஆனால் பணம் போன வழி தெரிய வேண்டுமென்றால் அலமாரியை மூடிவிட்டு அதிபர் ஆணைகளைத் திறக்க வேண்டும். இந்த ஆட்சியில் நடந்த பெரிய கொள்ளைகளில் பல, ஆணை எண் போட்டு, கையெழுத்திட்டு, சட்டமாகவே நடந்தன.

சட்டம் எழுதும் அதிகாரம்

மார்க்கோஸ் 1965இல் முறையான தேர்தலில் ஜெயித்து வந்தவர். 1969இல் மறுபடியும் ஜெயித்தார். அன்றைய அரசியல் சாசனப்படி மூன்றாவது முறை நிற்க முடியாது. 1972 செப்டம்பரில் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்றம் பூட்டப்பட்டது, பத்திரிகைகள் மூடப்பட்டன, எதிர்க்கட்சித் தலைவர் நினாய் அக்கினோ சிறைக்குப் போனார். அன்று முதல் மார்க்கோஸ் கையெழுத்துப் போட்டால் அது சட்டம். பின்னால் பெயருக்கு ஒரு சட்டமன்றம் வந்தபோதுகூட அந்த அதிகாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1976இல் கொண்டுவந்த ஆறாவது திருத்தம், மன்றம் இருந்தாலும் அதிபர் தனியாகச் சட்டம் போடலாம் என்று எழுதி வைத்தது.

லஞ்சம் வாங்குகிற அமைச்சர் ஒரு கோப்பில் கையெழுத்திட்டுப் பணம் வாங்குவார். மாட்டினால் கோப்பே சாட்சி சொல்லும். சட்டத்தையே எழுதுகிறவருக்கு அந்தப் பயம் கிடையாது. எந்தத் தொழில் யார் கையில், எந்த வரி எந்தக் கணக்கில், அந்தக் கணக்கை யார் தணிக்கை செய்யக்கூடாது என்பதுவரை அவரே முடிவு செய்வார். இது எப்படி வேலை செய்தது என்று பார்க்கத் தென்னை வரியைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

தேங்காய் போன வழி

பிலிப்பைன்ஸில் பல லட்சம் குடும்பங்களுக்குத் தென்னைதான் பிழைப்பு. பெரும்பாலும் சிறு விவசாயிகள், குத்தகைக்காரர்கள், கொப்பரை காய வைக்கிற கூலிகள். 1973 ஆகஸ்டில் வந்த அதிபர் ஆணை எண் 276, விவசாயி முதலில் விற்கும் ஒவ்வொரு 100 கிலோ கொப்பரைக்கும் 15 பேசோ வரி போட்டது. உலகச் சந்தையில் தேங்காய் எண்ணெய் விலை ஏறியிருந்தது. உள்ளூரில் சமையல் எண்ணெய், சோப்பு விலை ஏறாமலிருக்க மானியம் தருவதற்காக, அதுவும் ஒரு வருடத்துக்கு மட்டும் என்று சொன்னார்கள். ஒரு வருடம் என்று தொடங்கிய வசூல் 1982 வரை ஓடியது. மொத்த வசூல் ஏறத்தாழ 970 கோடி பேசோ.

1975இல் ஆணை எண் 755 வந்தது. தென்னை விவசாயிகளுக்கென்று ஒரு வங்கி வேண்டும், வரிப் பணத்தில் அதை வாங்கலாம் என்றது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. வாங்கப்பட்ட வங்கிதான் பிறகு யுனைடெட் கோகனட் பிளாண்டர்ஸ் பேங்க் ஆனது. அதன் 72.2 சதவீதப் பங்குகளை விலைக்கு வாங்கும் முதல் உரிமை, மார்க்கோஸின் நெருங்கிய கூட்டாளி எட்வார்டோ கோஹுவாங்கோ கையில் இருந்தது. அந்த உரிமையை அவர் அரசின் தென்னை ஆணையத்துக்கு மாற்றிக் கொடுத்தார். கைம்மாறாக, வாங்கிய பங்குகளில் பத்தில் ஒரு பங்கு, அதாவது வங்கியின் 7.22 சதவீதம், அவருக்கு. அந்தப் பங்குக்கும் விவசாயியின் வரிதான் பணம் கட்டியது. கூடவே வங்கியை நிர்வகிக்கும் ஒப்பந்தமும் அவருக்கே. தென்னை ஆணையத்துக்கும் வங்கியின் இயக்குநர் குழுவுக்கும் தலைவராக இருந்தவர் பாதுகாப்பு அமைச்சர் ஹுவான் போன்சே என்ரிலே. வாங்குபவர், விற்பவர், மேற்பார்வை பார்ப்பவர் எல்லாம் ஒரே வட்டம்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்போம். இங்கே உடைத்த மூடியையும் வீட்டுக்கே கொண்டுபோனார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. ஆணை 755, வங்கி வாங்கும் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைத் தனக்குள் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது. ஆனால் ஒப்பந்தத்தின் வாசகத்தை அச்சிடவில்லை. சட்டம் அரசிதழில் வந்தது. சட்டத்தின் வயிற்றுக்குள் இருந்த 7.22 சதவீதம் வரவில்லை. 2012இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது. வெளியிடப்படாத ஒப்பந்தம் சட்டமாகாது, அந்தப் பங்குகள் அரசுக்கே சேரும் என்று சொன்னது.

1976இல் ஆணை எண் 961. இதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே ஆகத் துணிச்சலான வாசகம். வசூலித்த பணம் அரசின் பொது நிதி ஆகாது, குறிப்பிட்ட நோக்கத்துக்கான அறக்கட்டளை நிதியும் ஆகாது, அது விவசாயிகளின் தனிச் சொத்து என்று அந்த ஆணை கூறியது. விவசாயிக்குச் சாதகமான வாசகம் போலத் தெரியும். நடைமுறையில் அதன் பொருள், அரசுத் தணிக்கையாளர் இந்தப் பணத்தைத் தொட முடியாது என்பது. வரியாக வசூலிக்கும்போது கட்டாயம், கணக்குக் கேட்கும்போது தனியார் சொத்து. உரிமையாளர் என்று சொல்லப்பட்ட விவசாயிக்குக் கிடைத்தது ஒரு ரசீது. அதைப் பதிவு செய்தால் வங்கிப் பங்கு வரும் என்றார்கள். பதிவு செய்யாதவர்களின் பங்கு வேறு கைகளுக்குப் போனது.

அந்த வங்கிப் பணத்தில் எண்ணெய் ஆலைகள் வாங்கப்பட்டு, கொப்பரை கொள்முதல் ஏறக்குறைய ஒரே அமைப்பின் பிடிக்குள் வந்தது. 1983இல் நாட்டின் மிகப்பெரிய பீர், உணவு நிறுவனமான சான் மிகேலின் பங்குகளும் பெரிய அளவில் வந்து சேர்ந்தன. கொப்பரைக்கு விலை வைப்பவர் ஒருவரே என்றால் விற்பவன் என்ன பேரம் பேச முடியும்? வரியும் கட்டினான், அந்த வரியில் வாங்கிய ஆலைக்கே அவர்கள் சொன்ன விலைக்கு விற்கவும் செய்தான்.

சர்க்கரை, அணு உலை, கடன்

சர்க்கரையிலும் இதே ஏற்பாடுதான். மார்க்கோஸின் கல்லூரித் தோழர் ரொபர்ட்டோ பெனெடிக்டோவின் பொறுப்பில் மொத்த வணிகமும் ஒரே வாயில் வழியே போனது. 1980களின் நடுவில் உலக விலை விழுந்தபோது நீக்ரோஸ் தீவின் கரும்புத் தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். 1985 செப்டம்பரில் எஸ்கலாண்டே நகரில் ஆர்ப்பாட்டம் செய்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து 20 பேர் இறந்தார்கள்.

அணு உலை வேறு மாதிரி. பத்தான் மாகாணத்தில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் கட்டிய 620 மெகாவாட் நிலையத்துக்கு 200 கோடி டாலருக்கு மேல் செலவானது. இடைத்தரகர் எர்மினியோ டிசினி, அதிபர் குடும்பத்துக்கு வேண்டியவர். நிலையம் இன்றுவரை ஒரு யூனிட் மின்சாரம் தரவில்லை. அதற்கு வாங்கிய கடனை மக்கள் 2007 வரை கட்டினார்கள். 1977இல் மார்க்கோஸ் போட்ட ஆணை 1177, வெளிநாட்டுக் கடன் தவணைக்கான பணம் ஆண்டுதோறும் யாரிடமும் கேட்காமல் தானாகவே ஒதுக்கப்படும் என்று எழுதி வைத்திருந்தது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பட்ஜெட்டில் வாதாட வேண்டும், ஓடாத உலைக்கு வேண்டியதில்லை.

1965இல் நூறு கோடி டாலருக்கும் குறைவாக இருந்த நாட்டின் வெளிக்கடன், 1986இல் சுமார் 2,600 கோடி டாலர். 1983 ஆகஸ்டில் நாடு திரும்பிய நினாய் அக்கினோ மணிலா விமான நிலையத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். முதலீட்டாளர்கள் ஓடினார்கள். அக்டோபரில் கடன் தவணை கட்ட முடியாது என்று அரசு கைவிரித்தது. மத்திய வங்கி தன் கையிருப்பைச் சுமார் 60 கோடி டாலர் கூட்டிக் காட்டியிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. 1984இலும் 1985இலும் பொருளாதாரம் தலா 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. 1984இல் விலைவாசி ஏறக்குறைய 50 சதவீதம் ஏறியது. தலா வருமானம் 1982இன் நிலைக்குத் திரும்ப இருபது வருடம் பிடித்தது. நியூயார்க்கில் கிரவுன் பில்டிங், 40 வால் ஸ்ட்ரீட் போன்ற கட்டடங்களை அதிபர் குடும்பம் பினாமிப் பெயர்களில் வைத்திருந்ததும் இதே காலத்தில்தான்.

விட்டுப்போன காகிதங்கள்

1986 பிப்ரவரி 25. நான்கு நாள் மக்கள் எழுச்சிக்குப் பிறகு அமெரிக்க விமானத்தில் குடும்பம் ஹவாய்க்குக் கிளம்பியது. பெட்டி பெட்டியாகப் புது பேசோ நோட்டுகள், நகைகள், வைப்புச் சான்றிதழ்கள். ஹவாயில் இறங்கியதும் சுங்க அதிகாரிகள் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டார்கள். ஆனால் அவசரத்தில் மலாகான்யாங் அதிபர் மாளிகையில் காகிதங்களை விட்டுவிட்டார்கள். வழக்கின் உயிரே அந்தக் காகிதங்கள்தான்.

அவற்றில் 1968 மார்ச்சில் ஸூரிக் கிரெடிட் சுவிஸ் வங்கியில் திறந்த கணக்கின் படிவமும் இருந்தது. கணக்கின் பெயர் வில்லியம் சாண்டர்ஸ். மனைவிக்கு வைத்த பெயர் ஜேன் ரயன். மாதிரிக் கையெழுத்துப் படிவத்தில் பொய்ப் பெயரோடு சொந்தப் பெயரிலும் கையெழுத்திட்டிருந்தார் மார்க்கோஸ். வங்கிக்கு ஆளை அடையாளம் தெரிய வேண்டுமே! ரகசியக் கணக்குக்குப் பாதுகாப்பென்று வைத்த அந்தக் கையெழுத்தே பிற்பாடு சாட்சியானது. அப்போது அவருடைய வருடச் சம்பளம் சுமார் 15,000 டாலர். இராணுவச் சட்டம் வர இன்னும் நான்கு வருடம் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தேர்தலில் வென்ற அதிபராக இருக்கும்போதே இது தொடங்கிவிட்டது. அடுத்து வந்த வருடங்களில் இந்தப் பணம் லிக்டென்ஸ்டைன் என்ற குட்டி ஐரோப்பிய நாட்டின் அறக்கட்டளைகளுக்குள் நுழைந்து ஸாண்டி, வின்ட்ராப், அவெர்ட்டினா, பால்மி, மாலெர் என்று பெயர் மாறிக்கொண்டே போனது.

புதிய அதிபர், நினாயின் மனைவி கோரி அக்கினோ, பதவியேற்ற மூன்றாம் நாளே முதல் நிர்வாக ஆணையாக, மார்க்கோஸ் வட்டம் சேர்த்த சொத்தை மீட்க நல்லாட்சி ஆணையத்தை அமைத்தார். தலைவர் ஹோவிட்டோ சலோங்கா. மார்ச் 24 அன்று, மணிலாவிலிருந்து முறையான மனு போய்ச் சேரும் முன்பே, ஸ்விஸ் அரசு மார்க்கோஸ் கணக்குகளை முடக்கியது. அந்த வேகம் இல்லையென்றால் மீதிக் கதை இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கழித்தல் கணக்கு

1991 டிசம்பரில் வழக்கு சாண்டிகன்பாயன் என்ற ஊழல் தடுப்பு நீதிமன்றத்துக்குப் போனது. அரசு கையில் எடுத்தது 1955ஆம் ஆண்டுச் சட்டம் எண் 1379. அரசு ஊழியரின் சொத்து அவருடைய சட்டப்பூர்வ வருமானத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாமல் இருந்தால், அது தவறாகச் சேர்த்தது என்றே முதலில் கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது அவர் பொறுப்பு. எந்த ஒப்பந்தத்தில் எவ்வளவு கமிஷன், யார் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டாம். சம்பளம் எவ்வளவு, சொத்து எவ்வளவு, கழித்துப் பார்.

மார்க்கோஸ் தரப்புக்கு இது முன்பே தெரிந்திருக்கும் போல. வருமான வரிப் படிவங்களில் தம் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு, 1.1 கோடி பேசோ, பழைய வக்கீல் தொழிலிலிருந்து வந்த பாக்கி என்று காட்டியிருந்தார் அவர். பதவிக்கு வந்து வருடக்கணக்கில் ஆன பிறகும், வழக்கு கொடுத்த பழைய கட்சிக்காரர்கள் நன்றியோடு பாக்கி செலுத்திக்கொண்டே இருந்தார்களாம்! அரசுத் தரப்பு 1965ஆம் ஆண்டுப் படிவத்தை எடுத்துப் போட்டது. அதிபராவதற்குச் சற்று முந்தைய நிலையைக் காட்டும் அதன் இருப்புநிலைக் கணக்கில், கட்சிக்காரர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி என்று ஒரு பேசோகூட இல்லை.

மனுவுக்குக் குடும்பம் தந்த பதில் இன்னும் விசேஷம். கணக்குகளைப் பற்றித் தெரியாது, ரொம்ப நாளாகிவிட்டதால் நினைவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் பதில். கூடவே, இமெல்டாவுக்கு ஒன்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, அந்தப் பணம் சட்டப்படி சேர்த்தது என்று ஒரு வரி. பணமே தெரியாது என்றால் அது சட்டப்படி வந்தது என்பது மட்டும் எப்படித் தெரியும்? மறுப்பதுபோல எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள் என்றது உச்ச நீதிமன்றம்.

அப்புறம் 1993இன் சமரச ஒப்பந்தம். குடும்பமும் நல்லாட்சி ஆணையமும் பேசி, ஸ்விஸ் பணத்தில் 75 பங்கு அரசுக்கு, 25 பங்கு குடும்பத்துக்கு என்று எழுதிக்கொண்டன. 1998இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. நாடாளுமன்றம் மட்டுமே தரக்கூடிய வரி விலக்கை அதில் தூக்கிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் செல்லாத அந்தத் தாளே குடும்பத்துக்கு எதிராகத் திரும்பியது. பணம் உங்களுடையது இல்லையென்றால் கால் பங்கு கேட்டுக் கையெழுத்திட்டது ஏன்?

இவ்வளவு தெளிவான வழக்கும் நேராகப் போகவில்லை. 1997 டிசம்பரில் ஸ்விஸ் உச்ச நீதிமன்றம் பணத்தை மணிலாவுக்கு மாற்ற உத்தரவிட்டது. 2000 செப்டம்பரில் சாண்டிகன்பாயன் அரசுக்குத் தீர்ப்பளித்தது. 2002 ஜனவரியில் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. ஸ்விஸ் தீர்ப்புகளின் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு கோப்பில் இல்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. மொழிபெயர்ப்புத் தாளில் முத்திரை இல்லாததால் 65 கோடி டாலர் கைநழுவப் பார்த்தது. 2003இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, முழுத் தொகையும் அரசுக்கு என்று முடித்தது. கணக்கு முடக்கப்பட்டுப் பதினேழு வருடம் கழித்து.

யாருக்குப் போய்ச் சேர்ந்தது

மீட்கும் பணம் நிலச் சீர்திருத்தத்துக்குப் போக வேண்டும் என்பது சட்டம். 2013இல் இன்னொரு சட்டம், ஸ்விஸ் பணத்திலிருந்து 1,000 கோடி பேசோவை இராணுவச் சட்டக் காலத்தில் சித்திரவதைப்பட்டவர்களுக்கும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கும் ஒதுக்கியது. 75,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். 11,103 பேர் அங்கீகரிக்கப்பட்டார்கள்.

மற்ற வழக்குகளில் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 20,000 கோடி பேசோ கோரிய வழக்கை 2019 டிசம்பரில் சாண்டிகன்பாயன் தள்ளுபடி செய்தது. அரசு கொடுத்த ஆவணங்களில் பல வெறும் நகல்கள். சான் மிகேல் பங்குகளில் 20 சதவீதம் கோஹுவாங்கோவுக்கே சொந்தம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் மார்க்கோஸுக்கு நெருங்கியவர் இல்லை என்ற வாதம் இந்த நூற்றாண்டின் ஆகப் பெரிய நகைச்சுவை என்று நீதிபதி கொன்சித்தா கார்ப்பியோ மொராலெஸ் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். ஸ்விஸ் பணம் இருந்த அந்த அறக்கட்டளைகள் தொடர்பான குற்ற வழக்கில் 2018இல் இமெல்டாவுக்கு ஏழு குற்றச்சாட்டுகளில் தண்டனை விதிக்கப்பட்டது. ஜாமீனில் வெளியே இருந்து மேல்முறையீடு செய்தார். குடும்பத்தின் வாரிசு வரி நிலுவை 2,300 கோடி பேசோ, அபராதமும் வட்டியும் சேர்ந்து 20,300 கோடி ஆகிவிட்டது என்ற விவாதம் 2022 தேர்தல் வரை ஓடியது. அந்தத் தேர்தலில் மகன் மார்க்கோஸ் ஜூனியர் அதிபரானார்.

ஊழலை ஒழுக்கக் கேடாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்த முடிவு புரியாத புதிராக இருக்கும். தென்னை வரியை வைத்துப் பார்த்தால் அவ்வளவு புதிரில்லை. பணம் மட்டும் கை மாறவில்லை. ஆலை, வங்கி, நிலம், தொகுதி எல்லாம் கை மாறின. ஸ்விஸ் கணக்கை முடக்கலாம். இருபது வருடம் ஒரு வட்டத்துக்குள் ஓடிய முதலீட்டில் முளைத்த தொழில்களையும், அந்தத் தொழில்கள் வளர்த்த அரசியல் குடும்பங்களையும் எந்த ஆணையமும் முடக்க முடியாது.

தென்னை வரியின் மற்றொரு பகுதி, சான் மிகேலின் 24 சதவீதப் பங்கு, 2012இல் விவசாயிகளுக்காக அரசிடம் வந்தது. நிறுவனம் அந்தப் பங்குகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு 5,600 கோடி பேசோவுக்கு மேல் கொடுத்தது. அதைச் செலவழிக்கச் சட்டம் இல்லாததால் பணம் கருவூலத்தில் கிடந்தது. 2021 பிப்ரவரி 26 அன்றுதான் தென்னை விவசாயிகள் அறக்கட்டளை நிதிச் சட்டம் கையெழுத்தானது. ஐந்து வருடத்தில் 7,500 கோடி பேசோ, கன்று நடுதல், பயிற்சி, கல்வி உதவி, மருத்துவம் எனத் திட்டங்களாகப் போக வேண்டும் என்றது அது. வரி கட்டியவர் கையில் ரொக்கமாகத் தர அதில் இடமில்லை. முதல் 15 பேசோ வசூலாகி அப்போது 47 வருடம் ஆகியிருந்தது.